கொள்ளுப் புரதமும் ஏழு பாலங்களும்

டிச. 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூக்கடைத்து எட்டாவது நாள். ரசமும் வெந்நீரும் ஒரே ருசி.

இந்த எட்டு நாளில் சோதனை மூன்றாம் முறை. இன்றும் தட்டில் வட்டம். அம்மா போனில் கேட்டாள்: "கொள்ளுல அப்படி என்னதான்டி தேடுற?" சொன்னேன். பால்பொடி கலந்த தட்டில் ட்ரிப்சின் என்ற செரிமான நொதியை விட்டால் பாலைத் தின்றுவிடும், தெளிந்த வட்டம் விழும். என் கொள்ளுப் புரதம் கூட இருந்தால் ட்ரிப்சின் வாயைக் கட்டிவிடும், தட்டு வெள்ளையாகவே இருக்கும். ஆகஸ்டில் இருந்தது. இப்போது இல்லை.

சார், என் கைடு, கேட்டார்: "ஆகஸ்ட்ல நிஜமாவே வந்துச்சா செல்வி? இல்ல, வரணும்னு நீயே பாத்துக்கிட்டியா?" கதவு திறந்திருந்தது. வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். வெள்ளிக்குள் மறுபடி வராவிட்டால் தீசிஸில் நாலாம் அத்தியாயம் கிடையாது. அத்தியாயம் போனால் போகட்டும். பொய்க்காரி என்ற பெயர்?

டிச. 2, செவ்வாய்

கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறியதும் உட்கார இடம். அதிசயம். வைவாவுக்கு அடிப்படை, புரத அமைப்பின் நாலு படிகள்:

ஒன்று: அமினோ அமில வரிசை. பெப்டைடு பிணைப்பு.
இரண்டு: சுருள், மடித்த தாள். ஹைட்ரஜன் பிணைப்பு.
மூன்று: முழு உருவம். தண்ணீர் ஆகாத பகுதிகள் உள்ளே ஒதுங்கும். எதிர் மின்னூட்டங்கள் இழுக்கும். கந்தகப் பாலங்கள் தைத்து வைக்கும்.
நாலு: மடிந்த சங்கிலிகள் இரண்டு மூன்று சேர்ந்து இருப்பது.

என்னுடையது பொடிசு. உள்ளே ஒதுக்கிவைக்க அதனிடம் ஒன்றும் இல்லை. ஏழு கந்தகப் பாலங்கள்தான் எல்லாம். அவை இருந்தால் எண்பது டிகிரி சூட்டில் வைத்தாலும் அசையாது. இல்லையென்றால் வெறும் நூல்.

பக்கத்து அக்கா எட்டிப் பார்த்து, "பொண்ணு எந்த ஸ்கூலு?" என்றார். எனக்குப் பெண் இல்லை. நான்தான் படிக்கிறேன் என்று சொல்லவில்லை.

டிச. 3, புதன்

தாம்பரம் நடைமேம்பாலப் படியில் திடீரென்று மூத்திர நாற்றம். மூக்கு திறந்துவிட்டது. அங்கே அவ்வளவு சந்தோஷமாக மூச்சு இழுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

லேபில், புரதத்தைக் கரைக்க எல்லோரும் எடுக்கும் பஃபர் கரைசல் கேனைத் திறந்தேன். அழுகின முட்டை வாடை. மெர்காப்டோ. கந்தகப் பாலங்களை அறுத்துவிடும் சரக்கு. மாவில் உள்ள மற்ற புரதங்களை ஒழிக்க, அதில் போட்டுத்தான் மூன்று முறையும் என் புரதத்தைச் சூடாக்கியிருக்கிறேன்.

எங்கள் லேப் வழக்கம்: கேனைக் காலி செய்பவர் அடுத்த ஐந்து லிட்டரைக் கலக்க வேண்டும். கடைசியாகக் கலந்தது புதிதாகச் சேர்ந்த பியூலா. தன் புரதத்துக்கு வேண்டிய மெர்காப்டோவையும் ஊற்றிவிட்டாள். லேபிளில் எழுதவில்லை.

"வாடையே காட்டிக் குடுத்துரும்னு நெனச்சேன்க்கா. நீங்க டெய்லி எடுத்தீங்க, ஒண்ணும் சொல்லல. உங்களுக்கும் அது வேணும்போலன்னு..."

"எனக்கு மூக்கே வேலை செய்யலியே பியூலா."

அவள் முகம் போன போக்கில் திட்ட வரவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது பாதி இறங்கியது.

டிச. 4, வியாழன்

புதுக் கொள்ளு மாவு. பஃபர் நானே கலந்தது. மூன்று முறை முகர்ந்தேன். பக்கத்திலேயே கேன் பஃபரிலும் ஒன்று, ஒப்பிட.

அப்படியும் வட்டம் விழுந்தால்? ஆகஸ்டில் நான் பார்த்தது என்ன?

டிச. 5, வெள்ளி

வெயில். தட்டு: கேன் பஃபர் போட்ட இடத்தில் வட்டம். என் பஃபர் போட்ட இடத்தில் பால் வெள்ளை. முழு வெள்ளை. பியூலா கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கேன் கதையைச் சொன்னேன். நாலாம் அத்தியாயம் இருக்கட்டும் என்றார். பிறகு, தட்டைப் பார்த்தபடியே: "நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

பரவாயில்லை சார் என்று தானாக வாயில் வரும். இன்று வரவில்லை.

"ஆமா சார்" என்றேன்.