பீரங்கிக்கு எட்டாத இடம்

தூத்துக்குடி,
11-12-1971

கர்த்தருக்குள் அன்பான மகள் கிரேசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று இத்தனை வருஷமாக வழக்கத்துக்காக எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் அதை நிஜமாகவே கேட்கிறேன். அடைமழைக்கு முன்னால் வந்த கடிதத்தில் உங்கள் ராணுவ ஆஸ்பத்திரியைக் கூடாரத்தோடு பெயர்த்து இன்னும் முன்னால் கொண்டுபோகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எதற்கு முன்னால் என்று எழுதவில்லை, எழுதக் கூடாது என்பதும் தெரியும். அதன் பிறகு யுத்தம் வந்துவிட்டது, உன் கடிதம் வரவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று, கட்டு அவிழ்த்துவிட்டார்கள், கண்ணாடி கிறிஸ்துமஸ் கழிந்துதான் கிடைக்குமாம். அதுவரை எல்லாமே அவளுக்குப் புகைமூட்டம்தான். கடிதமும் பேப்பரும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். பேப்பரில் உள்ளதை எல்லாம் வாசிப்பதில்லை, யுத்தச் செய்தி வரும் பக்கத்தைத் தாண்டி உப்பு விலையை மிக விரிவாக வாசிக்கிறேன். உப்பில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்ததில்லை, முடிகிறவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் துறைமுகப் பக்கம் பொழுது சாய்ந்தால் விளக்கு இல்லை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். கீழவைப்பாருக்கு நேரே நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மிதந்ததாகச் செய்தி பரவி, வள்ளக்காரர்கள் போய்ப் பார்த்தால் அது பனந்தடி. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் நானும் ஒருவன், ஆனால் பனந்தடி என்று தெரிகிறவரை நானும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் இருந்தேன். தந்தி ஆபீஸ் செல்லப்பாண்டி நல்ல பையன். நம் தெருவுக்குள் சைக்கிள் திரும்பும்போதே, “ஒங்களுக்கில்ல சார்வாள், ஒங்களுக்கில்ல” என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவான். யாருக்கோ சாவுச் செய்தி கொண்டுபோகிறவனை நாங்கள் நன்றியோடு பார்க்கிறோம், கர்த்தர் மன்னிக்கட்டும். நேற்று அவன் சத்தம் போடாமல் வந்து நம் வாசலில் இறங்கினான். அவன் கையில் தாள் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து, “யாரு? ஏன் பேசாம நிக்கான்?” என்று கேட்டாள். அவன் குனிந்து கழன்ற செயினை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, “தொண்ட கட்டிட்டு சார்வாள்” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான். அவனுக்குக் கருப்பட்டியும் சுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் தொண்டை சீக்கிரம் சரியாக வேண்டியது இந்தக் குடும்பத்துக்கு மிக அவசியம்.

அடுத்த வருஷத்து யுத்தங்களைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கு ஒரு விளக்கம்: நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். நானும் காயல்பட்டினத்துச் சங்கு வியாபாரி நூஹுவும் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி, கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டில் அச்சுக் குடைந்து ஊற்றி, சுண்டுவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள் செய்கிறோம். வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்டில் மிச்சம் வாங்கிச் சட்டை தீட்டுகிறோம். பிறகு சாப்பாட்டு மேசையில் அவர்களை அணிவகுத்து நிறுத்திப் பழைய யுத்தங்களைத் திரும்ப நடத்துகிறோம். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைச் சோழி உருட்டிப் பார்க்கிறோம், ஏனென்றால் பகடை எங்கள் இருவர் மார்க்கத்துக்கும் ஆகாது. ஜனவரியில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடிப்போம் என்று எழுதினால் அது மேசையின் மேற்கு முனை. ஐயா பதற வேண்டாம்.

திட்டம் இப்படித்தான் இருந்தது மகளே. ஜனவரியில் பாஞ்சாலங்குறிச்சி, அதற்கு மண் மதிலும் உடைமுள் வேலியும் தயார். கும்பினிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை பாதிப் பேருக்குத்தான் ஆகியிருக்கிறது, மீதிப் பேர் ஈய நிறத்திலேயே வெற்றுடம்பாக நிற்கிறார்கள். கோடை விடுமுறையில் பறங்கிக் கப்பல்களுக்கும் காயல் மரக்கலங்களுக்கும் கடற்சண்டை, இது நூஹுவின் பிடிவாதம், அதில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். ஆகஸ்டில் குளச்சல். டச்சுக்காரர்கள் தோற்க வேண்டியவர்கள்தான், ஆனாலும் நம் ஊரில் குடியிருந்துவிட்டுப் போனவர்கள் என்பதால் அவர்களுக்கு நல்ல நீலமாகத் தொப்பி தீட்டலாம் என்றிருந்தேன். டிசம்பருக்குள் எல்லார் முகத்துக்கும் கண் வைத்துவிடுவதாக ஏற்பாடு. கண் வைப்பது உன் வேலை. என் கை நடுங்குகிறது, நான் வைத்தால் எல்லாரும் பேயைப் பார்த்தவர்கள் போல் இருக்கிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் ஜனவரி யுத்தத்துக்கு ஒத்திகை பார்த்தோம். என் பீரங்கி வெடித்தது, சோழி மல்லாந்தது, நூஹுவின் ஆட்கள் ஒரு வரிசை சாய்ந்தார்கள். விழுந்தவர்களைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவது எங்கள் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டு அம்மா தடவிக்கொண்டே வந்தாள். இந்த மேசைப் பக்கமே வராதவள். டப்பாவைத் திறந்து உள்ளே கைவிட்டு ஒவ்வொருவனாக விரலால் தடவினாள். “உளுந்தவன எடுத்து டப்பாவுல போட்டு மூடுதியளே, அவனுக்கு உசுரு கெடக்கான்னு யாராவது பாத்தியளா? எம்மவ அதுக்குத்தான போயிருக்கா?” என்று கேட்டாள். நூஹு வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார். சரித்திரம் படித்தவன், முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவன், நானும் இதை ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

ஆகவே விதி மாறிவிட்டது. விழுந்தவனை இனி ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே அவன் பிழைப்பானா என்று பார்க்கத் தனியாகச் சோழி உருட்ட வேண்டும். உருட்டுவது அம்மா. மல்லாந்ததா கவிழ்ந்ததா என்று விரலால் தடவிச் சொல்லுகிறாள். அவள் விரலுக்கு இதுவரை ஒருவனும் சாகவில்லை. நூஹு பொறுத்துப் பார்த்துவிட்டு, “மைனி, இப்பிடி எல்லாரும் எந்திரிச்சு வந்தா இந்தச் சண்ட எப்பம் முடிய?” என்றார். “நீங்க ரெண்டு பேரும் சுடாம இருந்தா முடிஞ்சிரும்லா அண்ணாச்சி” என்றாள். என் பழைய வேட்டியைக் கிழித்து நூஹுவே கூடாரம் தைத்தார், அம்மா சொன்னபடி மேலேயிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிதாகச் சிவப்புச் சிலுவையும் தீட்டினார். காயல்பட்டினத்தில் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கூடாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வினை வந்தது. தூரம் அளக்க நாங்கள் முடிச்சுப் போட்ட நூல் வைத்திருக்கிறோம், துப்பாக்கிக்கு ஒரு முடிச்சு, பீரங்கிக்குக் கடைசி முடிச்சு. கோட்டைக்குப் பின்னால் வைத்து அளந்தேன், எட்டியது. மேசையின் கிழக்கு ஓரத்தில் வைத்தேன், எட்டியது. மூலையில் உப்புக் குப்பிக்கு அடியில் வைத்தேன், அங்கேயும் நூல் மிச்சமிருந்தது. நூஹு வீட்டுக் கூடத்துத் தரையில் விளையாடிய காலத்தில் வெட்டிய நூல் அது. மேசைக்கு வந்தபின் யாரும் அதைக் குறைக்கவில்லை, காப்பாற்றுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லாததால் கவனிக்கவில்லை. அம்மா, “கெடச்சிதா? கெடச்சிதா?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் கூடாரத்தை மேசையிலிருந்தே எடுத்து ஜன்னலோரம் தையல் மிஷின் மேல் வைத்தோம். அங்கே நூல் எட்டவில்லை. அன்றைக்குத்தான் அவள் படுத்துத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. உன் கூடாரத்தை வைக்கிறவர்கள் நூல் பிடித்து அளந்தார்களா என்பது எனக்குத் தெரியாதே.

அடுத்த வருஷத்துக்கு இப்போது ஒரே திட்டம்தான். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், ஒரு டாக்டர், வெள்ளை உடுப்பில் உன்னைப் போல் ஒரு நர்ஸ். நர்ஸை ஊற்றியாயிற்று. முகத்தைத் தொடவில்லை, லீவில் வந்து நீயே கண் வை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. அம்மா பின்னிய ஸ்வெட்டரை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, கொடுத்திருப்பாய், இன்னொன்று பின்ன முடியாத கண்ணோடு இருக்கிறாள். சங்கீதம் வாசி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கூடாரத்தைச் சுற்றித் தம்முடைய தூதர்களை நிறுத்துவாராக.

முக்கியமான ஒன்று. பதிலில் ஊர் பேர், திசை ஒன்றும் வேண்டாம். மேசையா, மிஷினா என்று ஒரே ஒரு சொல் எழுது. அதிகாரி ஐயா, இது சங்கேதம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எதிரிக்கு எதற்கும் உதவாது, தயவுசெய்து மை பூசிவிடாதீர்கள். மகளே, மேசை என்றால் மேசை என்றே எழுது. அம்மாவுக்கு நான்தானே வாசித்துக் காட்டுகிறேன், மிஷின் என்று வாசித்துக்கொள்வேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா
தே. எஸ்றா