படிக்கட்டுக் காட்சி இருந்த ஃபோல்டர்

மார்ச் 4, செவ்வாய்

கணினியில் மிஞ்சியிருப்பது பதினோரு ஜிபி. சொன்னது மனைவி, நானும் திரையில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அவள் தொகுத்த நாற்பத்து மூன்று நிமிடப் படத்தை முழுத் தரத்தில் வெளியே எடுக்க நூற்றிருபது வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள், மூலப் பதிவுகளோடு, தொழிலாளர் நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிவிட்டது.

மருத்துவமனையில் லிஃப்ட் எட்டு மாதம் ஓடவில்லை. நோயாளிகளை மூன்று மாடி சுமந்த பணியாளர்கள் நால்வரை, ஒரே ஒருநாள் ஸ்ட்ரெச்சர் கைதவறியதற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள்; லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்கிறது நிர்வாகம். நான் எழுதிய செய்தி ஆறு பத்தி. வந்த மறுப்பு எட்டுப் பத்தி. அப்புறம்தான் அவள் கேமராவைத் தூக்கினாள். டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின், ஐம்பத்தெட்டு வயதில் எடிட்டிங் படித்தவள்.

"பரண்ல உங்க பழைய பேப்பர் கட்டு மாதிரியே ஆயிடுச்சுங்க இந்த கம்ப்யூட்டரும்" என்றாள்.

மார்ச் 5, புதன், காலை

எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்காகச் சேர்த்துவைத்த கேச் கோப்புகள் 52 ஜிபி. முன்னோட்டத்துக்காக உருவாக்கியவை 37. வேண்டுமென்றால் மறுபடி தானே செய்துகொள்ளும் என்றாள். அழித்தேன். இடம் கூடவே இல்லை. மென்பொருளைத் திட்டினேன்.

"அழிச்சதெல்லாம் ரீசைக்கிள் பின்லதான் கெடக்கு, அத யாரு காலி பண்றது? அதுக்கும் நான்தான் வரணுமா?"

இப்போது நூறு.

அதே நாள், மாலை

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

இன்னும் இருபது ஜிபி தேவைப்பட்டது. 'தற்காலிகம்' என்று ஒரு ஃபோல்டர், 31 ஜிபி. அழிக்கப் போனேன்.

"இருங்க, இருங்க. உள்ள என்னன்னு பாத்தீங்களா?"

"அதான் பேர்லயே இருக்கே."

"முப்பத்தாறு வருஷமா ரிப்போர்ட்டரு! தலைப்ப மட்டும் பாத்துத்தான் நியூஸ் போட்டீங்களாக்கும்?"

திறந்தாள். படிக்கட்டு. இருவர் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து ஏறுகிறார்கள். பின்னால் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை. நவம்பரில் ஒரு நர்ஸ் மெமரி கார்டில் கொடுத்தது. அப்போது தேதி உறுதியாகவில்லை. உறுதியாகாததை உறுதியானதோடு வைப்பதில்லை என்பது என் பழக்கம், தனியே வைத்தேன். டிசம்பரில் பணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தேதியை உறுதி செய்தேன். ஃபோல்டரை மாற்றினேனா? இல்லை. நர்ஸிடம் கேட்டோம் — திருப்பி வாங்கிய கார்டில் எப்போதோ பழையதை அழித்து வேறு படம் எடுத்துவிட்டாராம்.

மூலம் இது ஒன்றுதான்.

ஒரே கிளிக்கு. நாலு பேரு பொழப்பு போயிருக்கும். என்ன மனுஷன் நான்!

"விடுங்க, நல்லவேளை" என்றாள். அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவள் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

படிக்கட்டுக் காட்சியை மற்ற மூலங்களோடு சேர்த்தாள். பென் டிரைவில் இன்னொரு நகலும் எடுத்தாள். கடைசி வெட்டை முடித்த பிறகே, எடிட்டிங்குக்காக வைத்திருந்த சிறிய நகல்களை அழித்தாள். 44 ஜிபி.

"நேத்தே தூக்கியிருக்கலாமே?" என்றேன்.

"சாரத்த பிரிச்சிட்டா சுவரு பூசுவாங்க?"

மதியம் 3.10க்கு ஆரம்பித்தது, 5.42க்கு முடிந்தது. நான் பின்னாலேயே நின்றேன்.

"என் மூஞ்சியையே பாக்காதீங்க, அந்த ஃபேனப் போடுங்க. மெஷின் கொதிக்குது."

முடிந்ததும் ஹெட்ஃபோன் மாட்டி முழுப் படத்தையும் சோதித்தாள். ஓரிடத்தில்கூட நிறுத்தவில்லை.

மார்ச் 7, வெள்ளி

2.35க்குக் கொடுத்தோம். ரசீது வாங்கினோம்.

"எடிட்டிங் எந்த ஸ்டுடியோ சார்?" — எழுத்தர் என்னைத்தான் கேட்டார். தொகுத்தவர் கையெழுத்திட வேண்டிய படிவத்தையும் என் பக்கமே நகர்த்தினார். நான் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஸ்டுடியோலாம் இல்லைங்க. எங்க வீட்டு ஹால்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மேடம்தான் சாட்சி சொல்ல வரணும்."

காட்சியை ஆதாரமாக ஏற்பார்களா, நால்வருக்கும் வேலை திரும்புமா என்பது இன்னும் தெரியாது. விசாரணை மார்ச் 19, புதன், காலை பதினொரு மணி. கூண்டில் அவள். நான் பார்வையாளர் பெஞ்சில். முன்வரிசையில் இடம் பிடிக்க ஒன்பதரைக்கே போய்விடுவேன்.