பேத்தை கடித்த விரல்

இசாங்கி, 1987 ஆகஸ்ட் 12, காலை ஆறரை மணி. ஆற்றுக் கூண்டில் ஆய்வுக்கு வளர்க்கும் பேத்தை மீன்கள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம், இடது சுண்டுவிரல் நுனி மட்டும் இல்லை.

நேற்று மீனவன் பொலாம்பா ஒரு மீனைக் கூண்டிலிருந்து வெளியே தூக்கிவிட்டான். "உன் மீனு என் வலைய அறுத்துடுச்சுடா, படிச்ச மேதை!"

"கூண்டுல கெடக்குற மீனாடா அறுக்கும்? நத்தை ஓட்டையே நொறுக்குற பல்லு. ஆத்துல திரியுற பேத்தைங்க மேயுற கோரைக்குள்ள வலை போட்டது நீ!"

வெளியே தூக்கியதில் மீன் காற்றைக் குடித்து, திரும்ப நீரில் போட்டதும் பந்தாகி மிதந்தது. அப்படியே விட்டால் செத்துவிடும். நீருக்குள் தலையை நிமிர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றினேன். பிழைத்தது, நன்றிக்குக் கடித்தது.

ஊரே அவன் பக்கம். இலையில் கட்டி அவிக்கும் மரவள்ளிக் குவாங்காவை எனக்கு யாரும் விற்பதில்லை. நீங்கள் அவித்ததை இலை பிரிக்காமல் அனுப்புங்கள். கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது. இனிச் செய்யப்போவது:

1. கூண்டுக்குப் பூட்டு.
2. விரலுக்குப் புதுக் கட்டு.
3. பொலாம்பாவிடம் போய் மறுபடி சண்டை. இங்கே என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.