நான்காவது மைமூன்

12 ஜூலை 1974, வெள்ளி. வில்லியனூர்.

சல்வா என்றால் ஆறுதல். முதல் குழந்தையைப் பறிகொடுத்த என் மகள், இந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோதே என்னிடம் கேட்டு வாங்கிய பெயர். சம்பந்தி அன்றே சம்மதித்திருந்தார். இன்று பெயர் சூட்டும் ஏழாம் நாள். என் வீட்டில், என் விருந்தினர் முன்னிலையில், அவர் பேத்தியின் காதில் பாங்கு சொல்லிவிட்டு, "மைமூன்" என்று தம் தாயாரின் பெயரைக் கூப்பிட்டார்.

நான் காரணம் கேட்டேன்.

"இன்னா சம்பந்தி, சல்வாவா? எங்க தவளக்குப்பத்துல ஒருத்திக்காச்சும் இந்தப் பேரு இருக்குதா? படிச்சவங்க பேரெல்லாம் கடைத்தெருவுல செல்லாதுபா."

அவர் குடும்பத்தில் ஏற்கெனவே பெரிய மைமூன், சின்ன மைமூன், கடைக்கார மைமூன் என மூவர் உண்டு. "இவ குட்டி மைமூன்!" என்று அவர் மனைவி சிரித்தார். அந்த மனிதருக்கு நானே பிரியாணி பரிமாறினேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர்கள் போன பிறகு மகள் தொட்டிலருகே உட்கார்ந்து, "சல்வா, சல்வா" என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, தூங்கட்டும்" என்றேன்.

"அங்க போனா கூப்பிட முடியாது அத்தா. நாப்பது நாளும் இங்கயே கூப்பிட்டு முடிச்சிக்கறேன்."

நாற்பதாம் நாள் சம்பந்தி அழைத்துப்போக வருவார். சல்வாவை அனுப்புங்கள் என்று அவர் வாயால் கேட்கட்டும். மைமூன் என்று என் வீட்டில் எந்தக் குழந்தையும் இல்லை.