இரண்டு தரம் ஓம்

2 செப்டெம்பர் 1997, செவ்வாய்

“உங்கள் சனத்துக்கு நாடு கிடைத்தால் நீ திரும்பிப் போவாயா?” என்று வேலை வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, கேட்டார். தேநீர் ஊற்றப் போய்விட்டேன். பேராதனையில் அரசறிவியல் படித்தவள் என்று அவருக்கு ஏன்தான் சொன்னேனோ.

சிஞ்ஞோரா ஐலீன் ஸ்கொட்லாந்துக்காரர். பலெர்மோக்காரரை மணந்து இத்தாலிக்கு வந்து, விதவையாகி, எண்பது தாண்டியும் இங்கேயே இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பதினோராம் திகதி அவருடைய ஊரில் வாக்கெடுப்பு. தங்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் வேண்டுமா, வரியை மாற்றும் அதிகாரம் அதற்கு வேண்டுமா — இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஓம் என்றால் ஊருக்கே போய்விடுவாராம். வெளிநாட்டில் இருப்பதால் அவருக்கு வாக்கில்லை.

அவர் போனால் எனக்கு வேலையில்லை. வேலையில்லாமல் பெர்மெஸோவை, இங்கே இருக்கும் அனுமதியை, புதுப்பிப்பது எப்படி?

6, சனி

வானொலி முழுக்க, கார் விபத்தில் இறந்த பிரித்தானிய இளவரசியின் இறுதிச் சடங்கு. வாக்கெடுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிஞ்ஞோரா சாப்பிடவில்லை.

7, ஞாயிறு

ஒரேத்தோ தெரு வீட்டில் என்னோடு இருக்கும் சித்தி மகள் ரதியிடம் வாக்கெடுப்பையும் சிஞ்ஞோரா போகப்போவதையும் சொன்னேன்.

“தனிநாடோ கேக்கினம்?”

“இல்லை. பிரித்தானியாவுக்குள்ளையே ஒரு பாராளுமன்றம்.”

“நாங்களும் முதலிலை அவ்வளவுதானே கேட்டனாங்கள்.”

நான் அரிசியைக் களைந்தேன்.

“கிழவி போகாது அக்கா. போனால் உங்களையும் பெட்டியிலை வைச்சுக் கொண்டுபோகும்.”

“ஓம், ஓம்.”

“நீங்கள் ஒருக்காச் சொன்னால்தான் ஓம். ரெண்டு தரம் சொன்னால், கதையை விடு எண்டு அர்த்தம்.”

11, வியாழன்

இன்று அங்கே வாக்குச்சீட்டில் புள்ளடி போடுகிறார்கள். நான் கடைசியாகப் போட்டது எழுபத்தேழில். பென்சிலை நூலில் கட்டி வைத்திருந்தார்கள். அப்போதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்டார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. துவக்கோடு வந்தவர்கள், எந்தப் பக்கத்தாரும், சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த நூல் கட்டிய பென்சிலுக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாளா?

அவர்கள் ஓம் சொல்ல வேண்டும். சொன்னால் — நான் என்ன செய்யிறது? எங்கை போறது?

12, வெள்ளி

இரண்டுக்கும் ஓம். காலையில் வானொலி சொன்னது.

சிஞ்ஞோரா அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். கம்பளிச் சட்டை இரண்டை உள்ளே வைத்தேன். மத்தியானம் வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

“அங்கே இப்போது எனக்கு யாரைத் தெரியும்?” என்றார்.

சட்டைகளை வெளியே எடுத்தேன்.

அப்போது மறுபடியும் கேட்டார்: “நாடு கிடைத்தால் நீ போவாய்தானே?”

“ஸி, ஸி,” என்றேன். எங்கள் பாஷையில் ஓம், ஓம்.

அவருக்கு நல்ல சந்தோஷம். கதிரையில் ஏறிப் பெட்டியை மேலே வைத்தேன்.