அன்றைக்கு நான் போட்ட கையெழுத்து

கோட்லா மெஹர்,
மார்ச் 19, 2024

அன்பு மகள் ரம்னீக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் இரண்டு எருமைகளும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே அதே மாதிரி இருக்க வாகேகுரு துணை. மனசைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை. கோதுமை பழுக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் இருபத்தைந்து நாளில் அறுப்பு. உன் அப்பா வழக்கம்போல அறுவடை எந்திரத்தை ஓட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போயிருக்கிறார், அந்தப் பக்கம் அறுத்து முடித்துவிட்டு நம் பக்கம் பழுக்கிற நேரத்துக்குத் திரும்புவார். உன் சித்தி ஜஸ்மேலுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, தினமும் பால் வாங்க வரும்போது ‘என்னக்கா, ரம்னீக்குக்குக் கனடாவுல நிரந்தரமா தங்க இன்னும் பி.ஆர். வரலையா, எங்க அண்ணன் பொண்ணுக்கு நாலே வருஷத்துல வந்துடுச்சே’ என்று கேட்டுவிட்டுத்தான் செம்பை நீட்டுகிறாள். போன வாரம் அரைச் செம்பு குறைத்து ஊற்றினேன். சின்னப் புத்திதான், என்ன செய்ய.

கைப்பேசியில் எப்போதும் கத்திக் கத்திப் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். மூன்று தடவை வீடியோவில் சொல்லப் பார்த்தேன் ரம்னீக். முதல் தடவை நீ முதியோர் இல்லத்தில் வேலை முடித்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாய், தொப்பியெல்லாம் பனி, சொல்ல மனசு வரவில்லை. இரண்டாம் தடவை உன்னோடு தங்கியிருக்கிற பெண்கள் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை வாயைத் திறக்குமுன் நீயே சொன்னாய், ‘மம்மி, நீங்க மட்டும் இல்லேன்னா இந்த மூணு மாசத்தை நான் தாங்கியிருக்கவே மாட்டேன்’ என்று. அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது. அதனால்தான் காகிதம். இதை பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. வேலை இல்லாத நாளில், வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

உன் வக்கீல் அனுப்பின தாள் போன மாதம் வந்து சேர்ந்தது. மூன்றே வரி. ரம்னீக் கவுருடைய கல்லூரி அனுமதிக் கடிதம் பொய்யானது என்பது அவளுக்கோ குடும்பத்தில் வேறு யாருக்குமோ குடியேற்ற அதிகாரிகளின் விசாரணை நோட்டீஸ் வரும்வரை தெரியாது, நாங்கள் எல்லோரும் ஏஜென்டால் ஏமாற்றப்பட்டோம். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. ‘கையெழுத்து போட்டு அனுப்புங்க மம்மி, அது போதும்’ என்று நீ சொன்னாய். நான் போடவில்லை. தபால் தாமதம் என்றும் நோட்டரி ஊரில் இல்லை என்றும் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். அந்த மூன்று வரியில் உன்னைப் பற்றி இருப்பது உண்மை. என்னைப் பற்றி இருப்பது உண்மை இல்லை. எனக்குத் தெரியும். நீ விமானம் ஏறுவதற்கு நாலு நாள் முன்பே தெரியும்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பாதி பாதியாகச் சொன்னால் உனக்குப் பிரயோஜனப்படாது. 2018 ஆகஸ்டில் விசா வந்ததும் நான் ஆடின ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் முயற்சியிலேயே ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஆறரை எடுத்த பெண் இந்தச் சுற்று வட்டாரத்தில் உன்னைத் தவிர யார். அறுபது வீட்டுக்கு லட்டு கொடுத்தேன், வீட்டில் இரண்டு நாள் இடைவிடாமல் கிரந்தம் படிக்கிற அகண்ட பாடம் வைத்தேன், ஜலந்தர் பக்கத்துக் குருத்வாராவுக்குப் போய், பிள்ளையை வெளிநாடு அனுப்புகிற எல்லோரையும் போல நானும் பொம்மை விமானம் வைத்துக் கும்பிட்டேன். இருந்ததிலேயே பெரிய விமானம்தான் வேண்டும் என்று கடைக்காரனோடு சண்டை வேறு. அதற்கப்புறம் நீ பயணம் சொல்லிக்கொள்ளப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த அன்று ஏஜென்ட் ரூபி போன் செய்து என்னை மட்டும் ஆபீசுக்கு வரச் சொன்னான். பஸ் நிலையத்துக்கு எதிரே, மிட்டாய்க் கடை மாடியில், சுவரெல்லாம் விசா வாங்கின பிள்ளைகளின் போட்டோ, அதில் உன் போட்டோவும் ஏறியிருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான், ‘பெஹன்ஜி, பதறாதீங்க, ஒரு சின்ன விஷயம். அந்த காலேஜ் லெட்டர் காலேஜ் குடுத்தது இல்ல. விசா நிஜம், அதுல சந்தேகமே வேணாம். பொண்ணு அங்க இறங்கினதும் வேற காலேஜ்ல சேர்த்து விட்டுடறேன். சீட் ஃபுல் ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. எல்லாரும் இப்படித்தான் போறாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் யோசிச்சா எப்படி?’

நான் யோசிக்கவில்லை. அதுதான் என் குற்றம். எழுந்து வந்திருக்கலாம், பெண்ணை அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம், குறைந்தபட்சம் வீட்டுக்கு வந்து உன்னை உட்கார வைத்து, இப்படி இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். உனக்குப் பதினெட்டு வயது, என்னைவிட அறிவுள்ள பெண். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் மண்டையில் ஓடியதெல்லாம், லட்டு கொடுத்தாகிவிட்டது, விமானம் வைத்தாகிவிட்டது, இனி எப்படி வேண்டாம் என்று சொல்வது, ஜஸ்மேல் என்ன சொல்வாள் என்பதுதான். விமானம் வைத்த வீட்டுப் பெண் போகாமல் நின்றால் இந்த ஊர் எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியும். குரு என்னிடம் பொம்மை கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன், பிறகு வைத்ததைக் காரணம் காட்டி நானே பயந்தேன். கனடாக்காரி அம்மா என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், எனக்கு அது இனித்தது. ரூபி ஒரு தாளை நீட்டினான். இடம் உறுதியானதல்ல என்று எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, மகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பின்னால் புகார் செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும், ஆனால் படித்தேன்.

நீ அங்கே இறங்கி மூன்றாம் நாள், ரூபி வேறு கல்லூரி பார்க்கச் சொல்கிறான் என்று போனில் அழுதாய். நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சீட் ஃபுல் என்றேன். உனக்குக் கோபம் வந்தது, ‘அதெப்படி மம்மி, லெட்டர் குடுத்துட்டு இல்லேங்கறாங்க, நான் நேரா அந்த காலேஜுக்கே போய்க் கேக்கறேன்’ என்றாய். நான் உன்னைத் தடுத்தேன். புது ஊர், சண்டை போடாதே, விசாவை ரத்து பண்ணிவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். ரம்னீக், நீ அன்றைக்குப் போயிருந்தால் முதல் வாரத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும், ஏமாந்த பெண் என்று உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அல்லது அங்கேயே ஒரு வழி சொல்லியிருப்பார்கள். அந்தக் கதவையும் நான்தான் சாத்தினேன். ஐந்து பெண்களோடு நிலவறை மாதிரி ஒரு அறையில் படுத்து, ஆறு மாதம் வீணாக்கி, வேறு கல்லூரியில் நீயாகச் சேர்ந்து, நீயாகப் படித்து முடித்தாய்.

முதலில் படிப்பு விசா, பிறகு வேலைக்கான பெர்மிட், பிறகு வயசு, படிப்பு, ஆங்கிலம் என்று எல்லாவற்றுக்கும் போடுகிற புள்ளிக் கணக்கு, கடைசியில் பி.ஆர். என்று இந்த ஊரில் எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்குக்கூட அந்த நாலு படியும் தலைகீழ்ப் பாடம். நீ ஒவ்வொரு படி ஏறும்போதும் என் பொய் கொஞ்சம் பழசாகிக்கொண்டே வருகிறது, சீக்கிரம் செத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நீ எட்டினால் அவர்கள் புள்ளியை ஏற்றுவார்கள், நீ மறுபடி ஆங்கிலப் பரீட்சை எழுதுவாய், சூப்பர்வைசர் ஆனாய், கடைசியில் பி.ஆருக்கு அழைப்பும் வந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவர்கள் பழைய காகிதத்தையெல்லாம் முதலிலிருந்து புரட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நோட்டீஸ் வந்ததும் நீ என்னைத்தான் முதலில் கூப்பிட்டாய்.

ரூபியைப் பிடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். எனக்கு என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. அவன் அலமாரி முழுவதையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, அதில் என் தாளும் இருக்கிறது. நான் உன் வக்கீலுடைய மூன்று வரியில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கம் இந்தத் தாள் வெளியே வந்தால், என்னோடு சேர்த்து உன்னையும் பொய்க்காரி என்று முத்திரை குத்திவிடுவார்கள். உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தானே உன் கேஸே நிற்கிறது. அதனால் டவுனில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘எல்லா அம்மாவும் பழியைத் தன் தலையில போட்டுக்கத்தாம்மா வருவாங்க. அங்க இருக்கிற அதிகாரிங்களுக்கும் அது தெரியும். சும்மா எழுதிக் குடுத்தா ஓரமா வெச்சுடுவாங்க. நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, அந்தத் தாளோட நகல் வேணும். அதைப் போலீஸ்கிட்டதான் கேக்கணும். கேட்டா நீங்க யாருன்னு சொல்லணும்’ என்றார்.

போனேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, ‘பெஹன்ஜி, எல்லாரும் எங்க பேரை எடுத்துடுங்கன்னு வராங்க. நீங்க பேரைச் சேர்த்துக்கச் சொல்லி வந்திருக்கீங்க. சாட்சியா வந்தீங்களா, குற்றவாளியா வந்தீங்களா?’ என்று கேட்டார். எதுவாக வந்தால் அந்தக் காகிதம் கிடைக்குமோ அதுவாக வந்தேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாலு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். சொல்லாமல் ஜில்லாவைத் தாண்டக்கூடாது, கூப்பிடும்போது வர வேண்டும். என்னைச் சாட்சியாக வைப்பதா வேறு மாதிரியா என்பது பிறகு தெரியுமாம். நான் வேலை பார்க்கிற அங்கன்வாடியின் மேலதிகாரிக்கு எப்படியோ தகவல் போய், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தோரு குழந்தைகளுக்கு இப்போது யார் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று தெரியவில்லை. உன் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன், அவருக்கும் இத்தனை வருடம் தெரியாது. எந்திரத்தை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, ‘முதல்ல பொண்ணுக்கு எழுது. எங்கிட்ட அப்புறம் பேசலாம்’ என்று வைத்துவிட்டார். எட்டு நாள் ஆகிறது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

தாளின் நகல், போலீஸ் முத்திரையோடு, இதனுடன் இருக்கிறது. என் வாக்குமூலத்தின் நகலும் நோட்டரி முன்னால் நான் எழுதிக் கொடுத்ததும் இருக்கின்றன. தேதியைப் பார், விசா வந்து பன்னிரண்டு நாள் கழித்து, நீ கிளம்ப நாலு நாள் முன்பு. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், வக்கீலம்மா இதையும் சொன்னார். மகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அதில் இருக்கிறதே, அப்படியென்றால் சொல்லியிருப்பாள் என்று அவர்கள் வாதாடலாமாம். நான் சொல்லவில்லை என்பதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை, என் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று நீயே பார்த்துக்கொள். அதனால் நீ அப்போது அந்தக் கல்லூரிக்கு இமெயில் ஏதாவது அனுப்பினாயா என்று பழையதையெல்லாம் தேடு. நான் வேண்டாம் என்று சொல்லியும் நீ கேட்காமல் அனுப்பியிருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். நீ என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை எனக்கு. இவ்வளவும் செய்தும் உன்னைத் திருப்பி அனுப்பலாம், ஐந்து வருடம் உள்ளே விடாமலும் இருக்கலாம். அப்படி வந்தால் வீட்டுக்கு வா, வர இஷ்டம் இல்லையென்றால் அப்பாவை மட்டும் பார்த்துவிட்டுப் போ, நான் கேட்க மாட்டேன்.

வேலையை விட்டுவிடாதே, விசாரணை முடிகிற வரை சாப்பாட்டில் அலட்சியம் வேண்டாம், இரவில் தனியாகப் பஸ்ஸுக்கு நிற்காதே. குரு உன்னைக் கைவிடமாட்டார், நான் செய்ததற்கு உன்னைத் தண்டிக்கிற சாமி இல்லை அவர். நீ நூறு வருடம் நல்லபடியாக இருக்க வேண்டும்.

விசாரணை ஏப்ரல் 9, உன் ஊர் நேரம் காலை பத்து மணி, அரை மணி முன்பே போய்விடு. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் மறக்காதே. என் தாளைக் காட்டி, உன் அம்மா உன்னிடம் பொய் சொன்னாளா என்று கேட்பார்கள். நீ மனசு இளகி, எங்க மம்மி அப்படிப்பட்டவங்க இல்ல என்று சொல்லிவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். சொல்லாதே ரம்னீக். அப்படிப்பட்டவள்தான் என்று சொல்.

உன் அம்மா,
பல்தீஷ் கவுர்