மேட்டில் நின்றுபோன பச்சை வண்டி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், தோள் வலியால் அவருக்கு வலது கையைத்தான் இன்னும் மேலே தூக்க முடியவில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் வண்டிப் பேச்சை எடுத்தாலே நீ பாதியில் வெட்டி, அதை யாருக்காவது கொடுத்துத் தொலையுங்கள் என்கிறாய், காகிதத்தில் எழுதினால் கடைசிவரை கேட்டுத்தானே ஆகவேண்டும்.

சித்தி வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த அன்று நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. சித்தப்பா போன் செய்ததும் நாங்கள் நம் பச்சை ஜீப் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம், ஓடையைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போகிற அந்தச் சரளை மேட்டில் வேறு எந்த வண்டியும் ஏறாது. பாதி மேட்டில் இன்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது, அப்பா என்ன செய்தும் கிளம்பவில்லை. கடைசியில் சித்தியை ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்துப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கீழே தூக்கி வந்தார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகியது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள், அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து டவுனில் தன் மகள் வீட்டில் இருந்தாள். மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தாங்கு தாங்கென்று தாங்கினாள், ஆனால் இனி அந்த மேட்டுக்கு எப்படிப் போவது, வீட்டையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு சித்தப்பாவையும் இங்கேயே கூட்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வரும்போதே உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், வண்டியை நாமே பிரித்துச் சரிசெய்கிறோம், அவள் அதில்தான் வீட்டுக்குப் போகிறாள் என்று.

தோள் பிடித்துக்கொண்டதிலிருந்து அப்பா ஷெட் பக்கமே போவதில்லை, தன்னால் முடியாததைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை. மேட்டிலிருந்து இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்க்க நான் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். பட்டறையில் அத்தனை வேலையை விட்டுவிட்டு வந்த நல்ல மனிதர், பம்ப் கெட்டிருக்கலாம், ஆனால் அதில் கை வைப்பதற்கு முன்னால் டீசல் குழாயில் எங்காவது காற்று நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள், அதற்குப் பொறுமையாக உட்காரவேண்டும், எனக்குத்தான் நேரமில்லை என்றார். காற்று என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. டிரிப் ஏற்றுகிற குழாயில் குமிழ் வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியவள் அல்லவா நான்? ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி வண்டியைக் கிளப்பினேன், உள்ளே குமிழ் குமிழாக ஓடியது. எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கிளிப்புகளை மாற்றினேன், ஃபில்டர் வாஷர்களை மாற்றினேன், குமிழ் நிற்கவில்லை. உன் கோடுபோட்ட பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அடியில் பாய் விரித்துப் படுத்தேன் (அந்தச் சட்டையை இனிமேல் கேட்காதே). பயப்படாதே, ஜாக்கியை மட்டும் நம்பவில்லை, கட்டைகளை அடுக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே போனேன்.

நான் தனியாக உருட்டிக்கொண்டிருந்த சத்தம் பொறுக்காமல் அப்பா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நான் ஒரு ஸ்பேனர் கேட்டால் அவர் ஒரு யோசனை கொடுப்பார். குழாய் வெடித்திருந்தால் டீசல் கீழே சொட்டாதா என்று ஒரே வாதம், உள்ளே உறிஞ்சுகிற குழாய் காற்றைத்தானே குடிக்கும், எப்படி வெளியே சொட்டும் என்று நான். டேங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வளைவில் விரலால் தடவியபோது ரப்பர் குழாயில் வெடிப்பு அகப்பட்டது. புதுக் குழாய் போட்டு, டீசலை இழுக்கிற கைப் பம்பை அழுத்தி, காற்றையெல்லாம் வெளியேற்றினேன், என் தலைமுடியில் பாதி டீசல். குமிழ் நின்றது. ஆனால் நாலு சக்கர கியர் போட்டால் முன் சக்கரம் இழுக்கவில்லை, அதைக் கண்டுபிடித்தது உன் அப்பாதான். சக்கர மூடிக்குள் பழைய கிரீஸ் கல்லாக இறுகிக் கிடந்தது. நான் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, அவர் இடது கையாலேயே பிரஷ் பிடித்து பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து அடுக்கினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சாப்பிடும்போது தானாகவே பேசிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் சித்தியைக் கூட்டி வந்தோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில், சித்தி பின்னால் தலையணைமேல் காலை நீட்டிக்கொண்டு, மகளும் கூடவே. ஓடைத் தண்ணீர் சக்கரத்தின் நடுவரை இருந்தது, மெதுவாக விட்டேன், கடந்தது. முன்பு நின்ற இடம் வந்ததும் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு சக்கரம் சரளையில் வழுக்கியது, அப்பா என்னைப் பார்க்காமலே, “காலை எடுக்காத, அப்படியே போ” என்றார். காலை எடுக்கவில்லை. வண்டி முனகிக்கொண்டே மேலே வந்துவிட்டது.

வாசலில் இறக்கிவிட்டு நான் தாங்கப் போனேன். “விடுங்கக்கா, நானே போறேன்” என்று சொல்லிவிட்டு, வாக்கரை ஊன்றி ஊன்றி சித்தி தன் வீட்டுக்குள் போனாள். உள்ளே போனதும் முதல் வேலையாக, அடுப்படியை இப்படியா வைத்திருப்பீர்கள் என்று சித்தப்பாவைப் பிடித்தாள் பார், அவர் திட்டு வாங்கிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், அப்புறம் விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

வண்டி முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது, திங்கட்கிழமை அதைப் பிரிக்கப் போகிறோம், சித்தியை டாக்டரிடம் காட்டுகிற நாளுக்குள் முடித்தாகவேண்டும். நீ பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்காதே. உடம்பில் பலமும் மனசில் தெம்பும் குறையாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
கையில் இன்னும் கிரீஸ் போகாத உன் அம்மா